ஃபைபர் அதிகமானால் புரோட்டீன் உடம்பில் ஒட்டாதா? ஜிம் டயட்டில் நார்ச்சத்து பற்றிய பயமும் உண்மையும்

“சிக்கன் சாப்பிடும்போது கீரை, காய்கறியைக் குறைச்சுக்கோ ப்ரோ... ஃபைபர் புரோட்டீனை இழுத்துட்டுப் போயிடும்.”

“சுண்டல் புரோட்டீன் எல்லாம் கணக்குலயே வராது. பாதி வெளியே போயிடும்.”

ஜிம்முக்குப் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். இதற்கு நேர் எதிரான குரலும் 2025-ல் சமூக வலைதளங்களில் ஓங்கி ஒலித்தது. ‘ஃபைபர்மேக்ஸிங்’ என்று அதற்குப் பெயர். சியா விதை, ஓட்ஸ், பயறு, பழம் என்று எவ்வளவு முடியுமோ அவ்வளவு நார்ச்சத்தைத் தினசரி சாப்பாட்டில் ஏற்றுவதும், அதை ரீல்ஸாகப் போடுவதும்தான் இந்த டிரெண்ட். புரோட்டீனுக்கு அடுத்து வரப்போவது நார்ச்சத்துதான் என்று பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரி ரமோன் லகுவார்தாவே அதே ஆண்டில் பேசினார்.

ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் மோகம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர், மாதச் சம்பளத்தில் முட்டைக்கும் வே புரோட்டீனுக்கும் தனியாகப் பணம் ஒதுக்கி உடற்பயிற்சி செய்யும் இளைஞர்தான். ‘சாப்பிடுற புரோட்டீன் வீணாப் போகுதோ’ என்ற சந்தேகத்தில் பலர் முதலில் கைவைப்பது தட்டில் இருக்கும் பயறு, கீரை, காய்கறி மீது.

நார்ச்சத்து, மற்ற சத்துகளை உடல் உறிஞ்சுவதைப் பாதிக்கிறதா? சுருக்கமான பதில்: ஆமாம், பாதிக்கிறது. ஆனால் ஜிம்மில் பயப்படுகிற இடத்தில் பாதிப்பு சிறியது. யாரும் பெரிதாகப் பேசாத இடத்தில்தான் கவனம் தேவை. விரிவாகப் பார்க்கலாம்.

நார்ச்சத்து வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

தாவர உணவில் நம் செரிமான நொதிகளால் உடைக்க முடியாத பகுதிதான் நார்ச்சத்து. இரைப்பை, சிறுகுடல் இரண்டையும் அது ஏறக்குறைய முழுசாகவே கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்க வைத்துச் சாப்பிடுகின்றன. மீதி மலமாக வெளியேறுகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஓட்ஸ், இசப்கோல், கொய்யா போன்றவற்றில் இருக்கும் கரையும் நார்ச்சத்து தண்ணீரோடு சேர்ந்து கூழ் மாதிரி ஆகும். கோதுமைத் தவிடு, காய்கறித் தோல் ஆகியவற்றில் அதிகம் இருப்பது கரையாத நார்ச்சத்து. இது தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தின் அளவைக் கூட்டி, குடலில் வேகமாக நகர வைக்கும். பெரும்பாலான உணவுகளில் இரண்டுமே கலந்துதான் இருக்கும்.

புரோட்டீன், கொழுப்பு, மாவுச்சத்து, இரும்பு, துத்தநாகம் எல்லாம் பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலில். ஆக, சிறுகுடலைக் கடக்கும் நேரத்தில் நார்ச்சத்து அவற்றுக்கு என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி.

தாமதம் வேறு, இழப்பு வேறு

ஜிம் பேச்சில் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. கரையும் நார்ச்சத்து கூழாக மாறும்போது இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ரத்தத்துக்குள் நிதானமாக வருகின்றன. வே புரோட்டீனைத் தண்ணீரில் கலந்து குடித்தால் வேகமாக ஏறும். அதையே ஓட்ஸோடு சேர்த்தால் மெதுவாக ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மெதுவாக வருவது என்றால் வராமல் போவது என்று அர்த்தமில்லை. சிறுகுடல் பல மீட்டர் நீளம் கொண்டது. மேல்பகுதியில் உறிஞ்சப்படாதது கீழே போகும் வழியில் உறிஞ்சப்படும். ஒரு நாள் முழுக்க நீங்கள் சாப்பிடும் மொத்தப் புரோட்டீன்தான் தசை வளர்ச்சிக்கு முக்கியமே தவிர, ஒரு வேளை அரை மணி நேரம் முன்னே பின்னே ஆவதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

அப்போ நிஜமாகவே எவ்வளவு புரோட்டீன் வீணாகிறது?

கொஞ்சம் வீணாகிறது. அதை மறுக்க முடியாது. உணவில் நார்ச்சத்து கூடக் கூட, புரோட்டீன், கொழுப்பு இரண்டின் செரிமான விகிதமும் சற்றுக் குறைவதை அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மைய விஞ்ஞானிகள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் பதிவு செய்தார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் பட்டியலைப் பார்த்தால் படம் தெளிவாகும். அதன்படி புரோட்டீன் செரிமான விகிதம்:

• முட்டை: 97 சதவிகிதம்
• பால்: 95 சதவிகிதம்
• இறைச்சி, மீன்: 94 சதவிகிதம்
• தவிடு நீக்கிய கோதுமை: 96 சதவிகிதம்
• முழுக் கோதுமை: 86 சதவிகிதம்
• பீன்ஸ் வகைப் பருப்புகள்: 78 சதவிகிதம்

ஒரே தானியம், தவிட்டோடு சாப்பிட்டால் 86, தவிடு இல்லாமல் சாப்பிட்டால் 96. அதாவது 10 புள்ளிகள் வித்தியாசம். ‘பாதி வெளியே போயிடும்’ என்று சொல்வதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

இந்த 10 புள்ளியையும் மொத்தமாக நார்ச்சத்தின் தலையில் கட்ட முடியாது. இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, அளக்கும் முறை. பழைய முறையில், மலத்தில் எவ்வளவு நைட்ரஜன் வெளியேறுகிறது என்று பார்த்து அதை வைத்துப் புரோட்டீன் இழப்பைக் கணக்கிட்டார்கள். ஆனால் நார்ச்சத்து அதிகமானால் பெருங்குடல் பாக்டீரியாக்களும் பெருகும். மலத்தில் இருக்கும் நைட்ரஜனில் கணிசமான பங்கு அந்தப் பாக்டீரியாக்களின் உடலிலிருந்து வருவது. நீங்கள் சாப்பிட்ட சுண்டல் அப்படியே வெளியே போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

இரண்டாவது, பயறுகளில் நார்ச்சத்து தனியாக இருப்பதில்லை. புரோட்டீனை உடைக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள்கள், துவர்ப்புத் தரும் டானின்கள், புரோட்டீனைச் சுற்றியிருக்கும் கெட்டியான செல் சுவர் என்று ஒரு கூட்டமே சேர்ந்துதான் செரிமானத்தைக் குறைக்கிறது. நன்றாக வேகவைத்தாலே நொதித் தடுப்பான்களில் பெரும்பகுதி செயலிழந்துவிடும்.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், அமினோ அமிலங்களுக்கு அடையாளக் குறி போட்டு, அவை ரத்தத்துக்குள் வருகின்றனவா என்று பார்க்கும் நவீன முறையில் இந்திய உணவுகளைச் சோதித்திருக்கிறார்கள். முட்டையும் கோழிக்கறியும் சுமார் 90 சதவிகிதம் என்ற அளவில் வந்தன. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு போன்றவை அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் பச்சைப்பயறின் தோலை நீக்கியதும் அதன் அளவு கூடியது. அதாவது, சமைக்கும் விதத்தை மாற்றினாலே இழப்பு குறைகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

70 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடைப் பயிற்சி செய்பவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான அலசல், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரோட்டீன் எடுப்பது தசை வளர்ச்சிக்கு உதவுகிறது, அதற்கு மேல் பெரிதாகப் பலன் தெரியவில்லை என்றது. அந்தக் கணக்கில் இவருக்குத் தினமும் 112 கிராம் வேண்டும்.

முழுக்க முட்டை, பால், இறைச்சியிலிருந்தே எடுத்தால், 95 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், உடலுக்குள் சேர்வது சுமார் 106 கிராம். முழுக்கத் தாவர உணவில், 80 சதவிகிதம் என்று வைத்தால் சுமார் 90 கிராம். வித்தியாசம் 16 கிராம். இதை ஈடுகட்ட, தாவர உணவு சாப்பிடுபவர் தினமும் சுமார் 20 கிராம் புரோட்டீன் கூடுதலாக எடுத்தால் போதும். 40 கிராம் மீல் மேக்கரோ, 100 கிராம் கொண்டைக்கடலையோ அந்த வேலையைச் செய்துவிடும். இரண்டுமே சமைப்பதற்கு முந்தைய எடை.

முட்டை, சிக்கனோடு சுண்டலும் கீரையும் சேர்த்துச் சாப்பிடும் சராசரி ஆளுக்கு இந்த வித்தியாசம் இன்னும் சின்னது. அதற்காகக் காய்கறியை ஒதுக்கிவைப்பது, வாடகை மிச்சம் பிடிக்க வீட்டையே காலி செய்வது மாதிரி!

தாவரப் புரோட்டீனில் மசில் வருமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் பணக் கணக்கும் இருக்கிறது. பயறு, பருப்பு, நிலக்கடலையில் கிடைக்கும் புரோட்டீன் ‘கணக்கில் வராது’ என்றால், வே டப்பா வாங்க வசதி உள்ளவர் மட்டும்தான் உடம்பை ஏற்ற முடியும் என்றாகிவிடும்.

பிரேசிலின் சாவோ பாலோவில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு இங்கே முக்கியமானது. முழுத் தாவர உணவுக்காரர்கள் 19 பேர், அசைவமும் சாப்பிடுபவர்கள் 19 பேர். எல்லோரும் இளைஞர்கள், ஏற்கெனவே எடைப் பயிற்சிக்குப் பழகாதவர்கள். இரு தரப்புக்கும் கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன் கிடைக்கும்படி, ஒருவருக்கு சோயா, மற்றவருக்கு வே என்று கூடுதலாகக் கொடுத்து 12 வாரம் காலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் தசை அளவிலும் பலத்திலும் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

சிறிய ஆய்வுதான். சோயா பவுடரின் உதவியும் இருந்தது. போட்டிக்குத் தயாராகும் பாடிபில்டர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், போதுமான அளவு புரோட்டீன் எடுத்தால், தாவர உணவும் அதிலிருக்கும் நார்ச்சத்தும் தசை வளர்ச்சிக்குத் தடையாக நிற்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது என்பதால், சாம்பார் சாதமும் இட்லியும் இந்த விஷயத்தில் நல்ல ஜோடிகள்தான்.

உண்மையான சிக்கல் எங்கே? இரும்பும் துத்தநாகமும்!

புரோட்டீனைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அமைதியாக அடிவாங்குவது தாதுச்சத்துகள். இங்கே ஒரு பழைய கதை உதவும்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பிரிட்டனில் வெள்ளை ரொட்டிக்குப் பதிலாகத் தவிடு அதிகமுள்ள பழுப்பு ரொட்டியை மக்கள் சாப்பிட வேண்டிய நிலை. அதன் விளைவைக் கண்டறிய ராபர்ட் மெக்கேன்ஸ், எல்சி விடோசன் என்ற இரு விஞ்ஞானிகள் தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தார்கள். பழுப்பு ரொட்டி சாப்பிட்டபோது உடலில் கால்சியம் குறைவாகவே சேர்ந்தது. 1942-ல் முடிவுகள் வெளிவந்தன. ரொட்டியிலிருந்து ஃபைட்டேட் என்ற பொருளை மட்டும் நீக்கிக் கொடுத்தபோது நிலைமை சரியானது. குற்றவாளி நார் என்பதைவிட, நாரோடு ஒட்டிக்கொண்டு வரும் ஃபைட்டேட்தான் என்பது தெரிந்தது. பிரிட்டனில் மாவில் கால்சியம் சேர்க்கும் வழக்கம் வந்தது இந்தப் பின்னணியில்தான்.

தானியத் தவிடு, பயறு, கொட்டைகள், எண்ணெய் வித்துகள் எல்லாவற்றிலும் ஃபைட்டேட் இருக்கிறது. விதை முளைப்பதற்காகப் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் பெட்டி அது. நம் குடலில் அது இரும்பு, துத்தநாகம், கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட தாது உறிஞ்சப்படாமல் வெளியேறும். புரோட்டீன் விஷயத்தில் நாம் பார்த்தது பெரும்பாலும் தாமதம். இது இழப்பு.

எந்த அளவுக்கு இது போகும்? பிகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், 1950-களின் இறுதியில் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதிலும் சிறுவன் போலவே இருந்த ஒருவரைச் சந்தித்தார். வளர்ச்சி இல்லை, பருவ மாற்றங்கள் இல்லை. அவரது சாப்பாடு பெரும்பாலும் புளிக்காத மாவு ரொட்டி. மண் தின்னும் பழக்கமும் இருந்தது. அங்கே தொடங்கிய தேடல், பிறகு எகிப்தில் நடந்த ஆய்வுகள் வழியாக, மனித உடல் வளர்ச்சிக்குத் துத்தநாகம் அத்தியாவசியம் என்ற கண்டுபிடிப்பில் முடிந்தது. டெஸ்டோஸ்டிரோனுக்காக ஜிங்க் மாத்திரை வாங்குபவர்கள், அந்த மாத்திரைக்கு மதிப்பு வந்த கதை, ஃபைட்டேட் நிறைந்த ரொட்டியிலிருந்து தொடங்கியது என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

அது தீவிரமான நிலை. பலவகை உணவு சாப்பிடும் ஒருவருக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் நம் நாட்டின் பரிந்துரைகளிலேயே இந்தப் பிரச்னையின் தடம் இருக்கிறது. ஆணுக்குத் தினமும் 8 மில்லிகிராம் இரும்பு போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரையோ 19 மில்லிகிராம் என்கிறது. பெண்களுக்கு அங்கே 18, இங்கே 29. தானியமும் பயறும் அதிகமுள்ள நம் சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் இரும்பு குறைவு என்பது இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

யார் அதிகம் கவனிக்க வேண்டும்?

பெண்கள். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவிகிதம். அதே வயது ஆண்களில் நாடு முழுக்க 25 சதவிகிதம். இது ஜிம்முக்குப் போகாதவர்களையும் சேர்த்த கணக்குதான். ஆனால் டம்பெல் தூக்க ஆரம்பிக்கும் பெண், இந்த எண்ணிக்கைக்கு வெளியே நிற்பதில்லை.

இப்படி ஒரு டயட்டை யோசித்துப் பாருங்கள். காலையில் ஓட்ஸ், சியா விதை, கூடவே டீ. மதியம் கோதுமைத் தவிடு சேர்த்த சப்பாத்தி, சாலட். மாலையில் பாதாம், திரும்பவும் டீ. இரவு சூப். எடை குறைக்க நினைக்கும் பலரின் அட்டவணை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. நார்ச்சத்து அமோகம். ஆனால் இரும்பு ஏற்கெனவே குறைவு, இருக்கும் கொஞ்சத்தையும் ஃபைட்டேட்டும் டீயின் டானினும் பங்குபோட்டுக்கொள்கின்றன. மாதவிடாயில் இழப்பு வேறு. மூன்று மாதம் கழித்து, ‘ஒர்க்கவுட்ல மூச்சு வாங்குது, முடி கொட்டுது, எடை ஏத்தவே முடியல’ என்று வரும்போது, புரோட்டீன் போதவில்லை என்று நினைத்து இன்னொரு டப்பா வாங்குவார்கள். பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் பரிசோதனையை.

முழுத் தாவர உணவு சாப்பிடுபவர்கள், கலோரியை வெகுவாகக் குறைத்து கட்டிங்கில் இருப்பவர்கள், அடிக்கடி ரத்த தானம் செய்பவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

தீர்வு நம் சமையலறையிலேயே இருக்கிறது

நல்ல விஷயம் என்னவென்றால், ஃபைட்டேட்டைச் சமாளிக்க நார்ச்சத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

ஊறவைத்தல், முளைகட்டுதல்: பயறு முளைக்கும்போது அதிலிருக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதி ஃபைட்டேட்டை உடைக்கும். முளைகட்டிய பச்சைப்பயறும் முளைகட்டிய கேழ்வரகு மாவும் இதனால்தான் மேல். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

புளிக்கவைத்தல்: இட்லி, தோசை மாவு இரவெல்லாம் புளிக்கும்போதும் இதேதான் நடக்கிறது. புளிக்காத ரொட்டி சாப்பிட்ட ஈரானிய இளைஞருக்கும் புளித்த மாவில் தோசை சுடும் நமக்கும் இது ஒரு முக்கிய வித்தியாசம்.

வைட்டமின் சி: சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டுமில்லை. தாவர உணவில் இருக்கும் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். நெல்லிக்காய், கொய்யா, தக்காளியும் இதே வேலையைச் செய்யும்.

இறைச்சி, மீன்: இதுதான் சுவாரஸ்யம். தாவர உணவோடு இறைச்சியோ மீனோ சேர்ந்தால், தாவர இரும்பு உறிஞ்சப்படும் அளவு கூடுகிறது. ‘சிக்கனோடு கீரை சாப்பிடாதே’ என்ற ஜிம் அறிவுரை, உண்மையில் தலைகீழ். கீரையும் பயறும் இருக்கும் தட்டில் சிக்கன் இருப்பது இரும்புக்கு லாபம்.

டீ, காபி: சாப்பாட்டோடு வேண்டாம். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

நார்ச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பெருங்குடலில் எளிதாகப் புளிக்கும் இனுலின் போன்ற நார்ச்சத்துகள், கால்சியம் உறிஞ்சப்படுவதைக் கூட்டவும் செய்யும். அமெரிக்காவில் பதின்ம வயதினருக்கு ஓராண்டு தினமும் 8 கிராம் கொடுத்து நடத்திய, 2005-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. ‘ஃபைபர் சத்தைத் திருடும்’ என்று ஒற்றை வரியில் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பல்க்கிங்கில் எதிரி, கட்டிங்கில் நண்பன்

எடை ஏற்ற நினைப்பவர்களுக்கு நார்ச்சத்து நிஜமாகவே இடைஞ்சலாக இருக்கலாம். காரணம், உறிஞ்சுதல் இல்லை. வயிறு சீக்கிரம் நிறைவது. 3,000 கிலோ கலோரி சாப்பிட வேண்டியவர், ஒரு பெரிய கிண்ணம் சாலட்டும் சுண்டலும் சாப்பிட்டதும் ‘போதும்’ என்று எழுந்துவிட்டால், புரோட்டீன் இலக்கும் சேர்ந்து தவறும். ‘ஃபைபர் சாப்பிட்டதால மசில் வரல’ என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

கலோரியிலும் கொஞ்சம் குறையும். 28 கிராம் பாதாமில் சுமார் 170 கிலோ கலோரி என்று பாக்கெட் சொல்லும். மனிதர்கள் முழுப் பாதாமைச் சாப்பிட்டு, உடல் உண்மையில் எடுத்துக்கொண்டதை அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் அளந்து 2012-ல் வெளியிட்டபோது வந்த எண் 129. பாதாமின் செல் சுவருக்குள் கொழுப்பில் ஒரு பகுதி சிக்கிக்கொண்டு அப்படியே வெளியேறிவிடுகிறது. கட்டிங்கில் இருப்பவருக்கு இது போனஸ். பல்க்கிங்கில் இருப்பவர் பாதாமை அரைத்து பட்டராகச் சாப்பிட்டால், செல் சுவர் உடைந்து கலோரி கிட்டத்தட்ட முழுசாகக் கிடைக்கும்.

போட்டிக்கு முந்தைய சில நாட்களில் பாடிபில்டர்களும், எடைப்பிரிவு விளையாட்டு வீரர்களும் நார்ச்சத்தைக் குறைப்பது வழக்கம். குடலில் தங்கும் கழிவு குறைந்து, தராசில் எடை சற்று இறங்கும். நார்ச்சத்தை ஒரு வாரம் தினம் 10 கிராமுக்கும் கீழே குறைத்த இளைஞர்களிடம் சுமார் அரை கிலோ குறைந்ததை ஆய்வு ஒன்று காட்டியது. குறைவது கொழுப்பு இல்லை. மேடை ஏறுபவரின் அந்த ஒரு வாரத் தந்திரத்தைப் பார்த்து, வருஷம் முழுக்கக் காய்கறியைத் தவிர்ப்பது அர்த்தமில்லாத வேலை.

அப்படியென்றால் எவ்வளவு சாப்பிடலாம்?

பெரியவர்களுக்குத் தினமும் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். ஐ.சி.எம்.ஆர் பரிந்துரை, 1,000 கிலோ கலோரிக்கு 15 கிராம். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்குதான் வசதி. கட்டிங்கில் 1,800 கிலோ கலோரி என்றால் 27 கிராம். பல்க்கிங்கில் 2,800 என்றால் 42 கிராம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவுப் பட்டியல்படி, சமைக்காத 100 கிராமில் இருக்கும் நார்ச்சத்து தோராயமாக:

• வெள்ளை அரிசி: 3 கிராம்
• கேழ்வரகு: 11 கிராம்
• கோதுமை மாவு: 11 கிராம்
• முழுப் பச்சைப்பயறு: 17 கிராம்
• முழுக் கொண்டைக்கடலை: 25 கிராம்

முட்டை, சிக்கன், மீனில் பூஜ்யம். 6 முட்டை, 300 கிராம் சிக்கன், 2 ஸ்கூப் வே, வெள்ளைச் சோறு என்று ஓட்டுபவர் 10 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். மலச்சிக்கலும் மூலமும் ஜிம் பேச்சில் வெளியே வராத ரகசியங்களாக இருப்பதற்கு இந்தத் தட்டும் ஒரு காரணம். அளவுக்கு மீறுவதைப் பற்றிக் கவலைப்படும் முன், பலர் முதலில் தேவையான அளவையே தொட வேண்டியிருக்கிறது.

கூட்டுவதாக இருந்தால் வாரத்துக்கு 5 கிராம் என்ற வேகத்தில் கூட்டுங்கள். ஃபைபர்மேக்ஸிங் வீடியோவைப் பார்த்து ஒரே நாளில் 15-லிருந்து 60-க்குத் தாவினால், வாயு, உப்புசம், வயிற்றுவலி நிச்சயம். தண்ணீரும் கூடவே கூட வேண்டும். இல்லாவிட்டால் நார்ச்சத்தே மலச்சிக்கலை மோசமாக்கும்.

இசப்கோல் எடுப்பவர்கள் கவனத்துக்கு

இசப்கோல், ஃபைபர் பவுடர் போன்றவற்றை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதை லேபிளில் எச்சரிக்கையாகப் போட வேண்டும் என்பது அமெரிக்க எஃப்.டி.ஏ. விதி.

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தைராய்டுக்கான லிவோதைராக்ஸின், இதயத்துக்கான டிகாக்ஸின் போன்ற மருந்துகள் உறிஞ்சப்படும் அளவை நார்ச்சத்து குறைக்கலாம். இரும்பு, ஜிங்க் மாத்திரைகளையும் ஓட்ஸ் கிண்ணத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. குடல் அழற்சி நோய், குடல் அறுவை சிகிச்சை என்று எதாவது இருந்தாலும் அப்படியே.

எப்போது, எப்படிச் சாப்பிடலாம்?

• ஒர்க்கவுட்டுக்கு முந்தைய 2 மணி நேரத்தில் நார்ச்சத்து அதிகமுள்ள உணவைத் தவிருங்கள். ஸ்குவாட் போடும்போது வயிறு கனமாக இருந்தால் பயிற்சிதான் கெடும். வாழைப்பழம், இட்லி, வெள்ளைச் சோறு ஓகே.
• ஒர்க்கவுட் முடிந்ததும் வேகமாக ஏற வேண்டும் என்று நினைத்தால், வே புரோட்டீனைத் தனியாகக் குடியுங்கள். ஓட்ஸோடு குடித்தாலும் நஷ்டமில்லை.
• நார்ச்சத்தை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள்.
• பெரும்பாலும் தாவர உணவு என்றால், புரோட்டீன் இலக்கை 15 முதல் 20 சதவிகிதம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.
• 100 கிராமில் 6 கிராமாவது இருந்தால்தான் பாக்கெட்டில் ‘ஹை ஃபைபர்’ என்று போடலாம் என்பது நம் நாட்டு விதிகளில் உள்ள ஓர் அளவுகோல். நீங்கள் சாப்பிடுவது 30 கிராம் பார் என்றால், அதில் 2 கிராம்கூட இல்லாமல் போகலாம். ஒரு பிடி சுண்டல் அதைவிட மேல்.
• ஆறு மாதத்துக்கு மேல் கண்டிப்பான டயட்டில் இருந்தால், குறிப்பாகப் பெண்கள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

புரோட்டீனைப் பற்றிப் பயந்து பயறையும் கீரையையும் ஒதுக்கினால், இழப்பது சில கிராம் புரோட்டீனைவிட அதிகம். மலச்சிக்கலில் தொடங்கி மாதச் செலவு வரை அது நீளும். அதே சமயம், நார்ச்சத்து நல்லது என்பதற்காக இரும்பைக் கவனிக்காமல் தவிடும் விதையுமாகச் சேர்த்துக்கொண்டே போவதும் சரியில்லை. இன்றைக்குச் செய்ய எளிதான மாற்றம் எது என்றால், சாப்பாட்டோடு குடிக்கும் டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதும், சுண்டலில் அரை மூடி எலுமிச்சை பிழிவதும்தான். செலவும் பெரிதாக இல்லை, எந்த டப்பாவும் வாங்க வேண்டியதில்லை.